மடங்கும் இறக்கை

1966 மார்ச் 3
வென்யா திருடன். மடங்கும் இறக்கை என்னுடையது.

விண்வெளியிலிருந்து எதிரியை வேவு பார்த்துவிட்டு, எஞ்சின் இல்லாமலே மிதந்து இறங்க வேண்டிய ராணுவ கிளைடர். காற்றுமண்டலத்தில் நுழைந்ததும் இறக்கை எரிந்துவிடும் என்று எங்கள் வடிவமைப்புப் பிரிவே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நுழையும்போது மேலே மடக்கு, சூடு தணிந்ததும் விரி - பிப்ரவரியில் நான் வரைந்தது. இன்று கூட்டத்தில் அவன் அதைக் கரும்பலகையில் போட்டான். தலைமைப் பொறியாளர் எழுந்து போய்க் கைகுலுக்கினார்.

மார்ச் 4
உணவகத்தில் வென்யா எதிரே வந்து உட்கார்ந்தான். "என்னடா க்ளெப், மூஞ்சி உர்ருன்னு இருக்கு? கஞ்சி தீஞ்சுபோச்சா?"
"பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குத் தீஞ்ச வாசனைகூடத் தெரியுமா?"
சிரித்தான். மாஸ்கோவில் தனி வீடு, பியானோ. லேத் தொழிலாளி மகன் எனக்கு விடுதியில் ஒரு கட்டில். மூளையும் அவனுக்கேவா?

மார்ச் 9
ரகசியக் காப்புப் பிரிவில் அவன்மேல் புகார் கொடுத்துவிட்டேன். எங்கள் குறிப்பேடுகள் எண்ணிட்டு முத்திரை வைத்தவை. மாலையில் அங்கேதான் ஒப்படைக்க வேண்டும். தேதி பொய் சொல்லாது.

மார்ச் 14
விசாரணை. என் வரைபடம் பிப்ரவரி 11. அவனுடையது 18. வென்யா சிவந்துபோனான்.
"தோழர், நான் ஜனவரியிலேயே போட்டுட்டேன்!"
பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வைத்தான். நிரூபிக்கவென்றே கொண்டுவந்திருக்கிறான், மடையன். இறக்கை, கீல், மூன்று பக்கக் கணக்கு. ஜனவரி 16.
அதிகாரி நோட்டைத் தொடவேயில்லை. "எங்க வச்சு வரைஞ்சீங்க?"
"வீட்ல. சமையல்கட்டு மேஜை..."
பாதியில் அவனுக்கே புரிந்துவிட்டது.

மார்ச் 15
ரகசியத்தை வீட்டுக்குக் கொண்டுபோன குற்றம். வென்யாவுக்கு வேலை போயிற்று. நான் மட்டும் இந்த நாட்குறிப்பை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்? விடுதிக் கட்டிலில்.

மார்ச் 17
ஜனவரியில், ரயிலில், கைகளை மடக்கி மடக்கி எனக்கு ஏதோ விளக்கினானே. நான் ஜன்னலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் - காது? காது எங்கே இருந்தது?

மார்ச் 28
வரைபட மூலையில், 'வடிவமைத்தவர்' கட்டத்தில் என் பெயர். மறுத்தேனா? இல்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு
அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டு, மறுபடி போய் உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தான். ரயிலில் சொன்னது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். ஆமென்று தலையாட்டினான்.
"திட்டுடா வென்யா. திருடன்னு சொல்லு. ஒரு தடவையாவது சொல்லித் தொலைடா!"
அடுத்த கிழங்கை எடுத்தான்.