கரியப்பனின் கட்டைவிரல்

ஜூஜுவாடி,
தை 20, 1959

மகள் டாக்டர் முனிலட்சுமிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் கறவை எருமையும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பேப்பரிலேயே பார்த்துக்கொண்டோம். தொழிலாளர் இன்ஷூரன்ஸ் வைத்தியத்துக்கெல்லாம் நீதான் பெரிய அதிகாரியாமே, டில்லியில் மாலை போட்டிருக்கிறார்கள், போட்டோவில் கழுத்தே தெரியவில்லை. உன் அம்மா அதை வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். நான் அந்தப் பக்கம் பார்க்கிறதேயில்லை.

ஏனென்று கேள். நம் கொல்லைக்கு மேற்கே வெள்ளையம்மா மகன்கள் கரியப்பனும் முனிவேலும் உன்னோடு ஏரியில் குதித்து வளர்ந்தவர்கள். கரியப்பனுக்கு எல்லை தாண்டி கன்னடப் பக்கம் ஒரு மில்லில் வேலை. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா, வேலை ஆளுக்கில்லை, வீட்டுக்கு. அண்ணன் ராகி அடிக்க நின்றுவிட்டால் தம்பி அண்ணன் பேரில் போவான், மேஸ்திரியும் கண்டுகொள்ள மாட்டான். போன வாரம் அப்படிப் போன முனிவேலின் வலது கையை மெஷின் இழுத்துக்கொண்டது. கட்டைவிரலும் அடுத்த விரலும் போச்சு.

உங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு அவனைக் கூட்டிப்போனது நான்தான், என் மகள் ஆபீஸாச்சே என்று ஒரு மிதப்பு. அங்கிருந்த மகானுபாவர் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கார்டு கரியப்பன் பேரில், ரேகை கரியப்பனுடையது, அவனுக்கு இரண்டு கையும் நன்றாயிருக்கிறது, இவன் யாரோ என்றார். மேலே போட்ட சட்டமாம். கன்னடத்தில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் சொன்னார், எனக்கு விளங்காமல் போகுமோ என்று. மேலே யார்? மாலை போட்ட நீ! தூ, ரத்தம் வடிகிறவனிடம் பேரைக் கேட்பதா வைத்தியம்? நம் ஊர் மாட்டு வைத்தியன்கூட எருதிடம் பேர் கேட்கிறதில்லை. கிருஷ்ணகிரியில் கட்டுப் போட்டவர்கள், உடனே பெங்களூர் கொண்டுபோனால் மீதிக் கை தப்பும் என்றார்கள். அங்கே படுக்கை வேண்டுமானால் உங்கள் ஆபீஸ் சீட்டு வேண்டுமாம். கை மணிக்கட்டு வரைக்கும் கறுத்துக்கொண்டு வருகிறது. அடுத்தவன் பேரில் போனது தப்புத்தான், நான் இல்லை என்கவில்லை. அந்தத் தப்பே வழக்கமான ஊரில் பிறந்து வளர்ந்த நீ சட்டம் எழுதுகிறபோது அது ஞாபகம் வரவில்லையே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பெரிய படிப்பு, பெரிய நாற்காலி, அட போ!

நேற்று கரியப்பன் வந்தான். உட்காரு என்றாலும் உட்காரவில்லை. தானும் அதே இரண்டு விரலை வெட்டிக்கொண்டால் கார்டும் ஆளும் சரியாய்ப் போகுமே, தனக்குக் கொடுக்கிற மருந்தைத் தம்பிக்குப் போட்டுவிடலாமா, டாக்டரம்மாவைக் கேட்டு எழுதுங்கள் அய்யா என்றான். அவன் கேலி பேசுகிறவன் இல்லை. நம் அரிவாள் மழுங்கிப்போச்சு என்று பொய் சொல்லி அவன் வீட்டு அரிவாளை வாங்கி வந்து பரண்மேல் போட்டிருக்கிறேன்.

டில்லிக் குளிரில் காதைக் கட்டிக்கொள், வெந்நீர் குடி. நீ தீர்க்காயுசாய் இருக்க வேண்டும், உன் கைக்கு நோவு வராமல் இருக்க வேண்டும். பதில் எனக்கு எழுதாதே, கரியப்பனுக்குத் தந்தி அடி. நாளைக்கு அவன் அரிவாளைத் திருப்பிக் கேட்டால் நான் என்னவென்று சொல்லி இல்லையென்பேன்?

உன் அப்பா,
நாராயணப்பன்