எந்த மாநிலத்துக்காரன்

அன்புள்ள வெர்னா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நெப்ராஸ்காவில் இன்னும் பனி உருகவில்லையாமே, முழங்கால் வலி எப்படி? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓரிகனில் மழைதான் விடவில்லை.

சனிக்கிழமை நூலகத்தில் வருமான வரிப் படிவம் இலவசமாக நிரப்பித் தருகிறார்கள் என்று போனேன். ஓய்வுபெற்ற கணக்காளர் நாடின் உட்கார்ந்திருந்தார். இங்குள்ள பத்திரிகை வேலைக்காக ஜூலையில் மாநிலம் மாறினேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றினார்.

“இங்கயே குடியேறிட்டீங்களா, இல்ல வேலைக்காகத் தங்கியிருக்கீங்களா?”

“ரெண்டும் வேறயா?”

“திரும்பிப் போற எண்ணம் இருந்தா, வரிக் கணக்குல வருஷம் பூரா நீங்க நெப்ராஸ்காக்காரர்தான். இல்லேன்னா பாதி வருஷம் அங்க, பாதி இங்க. ஊரையெல்லாம் கேள்வி கேக்கிற நிருபர், இதுக்குப் பதில் தெரியலையா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“வீட்டுல கேட்டுச் சொல்றேன்.”

“அப்ப கேட்டுட்டே வாங்க” என்று காகிதங்களைத் திருப்பித் தந்தார்.

என் பழைய பத்திரிகையின் சம்பளச் சான்று அங்கே வந்திருக்கும், அனுப்பிவை. கம்பளிக் காலுறை இருந்தால் அதையும் வை. பள்ளி வேலையை விட்டு நீ வருவதா, நான் திரும்புவதா என்று இதுவரை நாம் பேசவே இல்லை. வரிப் படிவம் கொடுக்க ஏப்ரல் நடுவில் கெடு, அதற்குள் சொல்லிவிடு.

கெடுவைத் தள்ளிப்போட மனுக் கொடுக்கலாமாம். நான் கொடுக்கப்போவதில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன்
டுவைன்