‘வேண்டாம்’ ஃபோல்டர்

என் செல்லத் தம்பி சரவணா,

நேற்று வேப்பந்தட்டை வீட்டுக்கு வந்து உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நீ போய் நாற்பது நாளாகிறது. அழுகை வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். வரவில்லை. திரை வந்தது, நானும் வேலையைப் பார்த்தேன்.

நாம் சேர்ந்து எழுதிய லாரி டிரிப் சீட்டுப் புரோகிராமை அரியலூர் லாரி ஆபீஸில் கேட்கிறார்கள். புரோகிராம் எழுதுகிற எடிட்டரைத் திறந்தால் அதே பழைய தொல்லை. அடைப்புக்குறி ஒன்று அடித்தால் இரண்டு விழுகிறது. இதற்காகத்தானேடா சண்டை போட்டோம்? எடிட்டர் ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு நீயும் நானும் பஸ்ஸில் மாற்றி மாற்றிக் கொண்டுபோவோம். அதனால் பழி என் மேல் விழுந்தது.

“நீதான் எதையோ நோண்டிட்ட” என்றாய் போனில்.

“நான் தொடவே இல்லடா.”

“அப்பத் தானா கெட்டுப்போச்சா?”

போனை வைத்துவிட்டேன். பத்தொன்பது நாள் நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. இருபதாம் நாள், அரியலூர் ரோட்டில் உன் வண்டி விழுந்த செய்திதான் வந்தது. கடைசி வரை என் மேல் கோபமாகத்தான் இருந்தாயா? இதை நான் யாரிடம் கேட்பது?

ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். உனக்கு எதையும் அழிக்க மனசு வராது. எடிட்டரோடு சேர்ந்து ஓடுகிற குட்டிப் புரோகிராம்களில், அந்தப் பிளக்இன்களில், பிடிக்காதவற்றை பிளக்இன் ஃபோல்டருக்குள்ளேயே ‘வேண்டாம்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு ஒதுக்கியிருக்கிறாய். எடிட்டருக்கு அது தெரியுமா? உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்தே ஓட்டுகிறது. ஒரே வேலையைப் பழசும் செய்கிறது, புதுசும் செய்கிறது. அதனால்தான் அடைப்புக்குறி இரண்டு விழுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

அதே ஃபோல்டரில் நான் எழுதிய சின்னக் கோப்பும் கிடந்தது. தட்டுகிற கை ஓய்ந்தால் அடித்ததைத் தானாகச் சேமித்துக்கொள்ளும் என்று ஆசையாகக் கொடுத்தேனே, அது. சுருக்கென்றது. இந்த நாற்பது நாளில் எனக்கு எதுவோ வலித்தது அப்போதுதான்.

பிறகு உன் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்தேன். கடைசியாகச் சேமித்தது நீ போன அன்று காலை. அம்மாவிடம் கேட்டேன்.

“அன்னிக்குத் தட்டிக்கிட்டே இருந்தான். திடீர்னு கரண்டு போச்சு. வந்து பாத்துக்கறேன்மான்னு கெளம்பிட்டான்” என்றாள்.

நீ சேமிக்க நேரம் இருந்திருக்காது. ஒதுக்கிவைத்த என் கோப்புதான் சேமித்திருக்கிறது. அடியில் ஆங்கில எழுத்தில் உன் தமிழ்: “தப்பு அக்கா மேல இல்ல. வேண்டாம் ஃபோல்டர வெளிய வெக்கணும். அக்காகிட்ட நானே”

அத்தோடு நிற்கிறது.

அந்த ஃபோல்டரை வெளியே எடுத்துவைத்துவிட்டேன். அடைப்புக்குறி இப்போது ஒன்றுதான் விழுகிறது. அப்பா உன் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்துவிட்டார். யாரும் தொடுவதில்லை.

புரோகிராமை நான் முடித்துக் கொடுத்துவிடுவேன். உன் அந்த ஒரு வரியை முடிக்கவும் மாட்டேன், அழிக்கவும் மாட்டேன். எனக்கும் உன் மேல் கோபம் இல்லைடா. நானும் போன் செய்திருக்கலாம்.

உன் அக்கா,
தேன்மொழி