பத்தாவது பெயர்

மாண்புமிகு அம்மா அவர்களின் மேலான கவனத்துக்கு: தங்கள் மகன் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குத் தேர்வாகிவிட்டான். மாலை மரியாதை பிறகு. முதலில் முழங்கால் வலி தேவலையா, சொல்.

போன வருட அணியில் பதினைந்து பேர், ஐவர் ஆறடிக்கு மேல். அவர்கள் எல்லோரும் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். இந்த வருடம் மொத்தமே பத்து; எங்களில் நெட்டையனே கோச்சின் தோளுக்குத்தான் வருவான். இதுவரை ஆடிய நாலு ஆட்டத்திலும் தோல்வி.

"அடுத்ததும் போச்சுன்னா டீமையே கலைச்சிடுவாங்கடா," என்றார் கோச்.

ஜெயிக்க வழியே இல்லை. கலைத்துவிட்டால் விடுதிச் சாப்பாட்டு மேஜையில் மறுபடி தனியாகத்தான் உட்கார வேண்டும்.

அண்ணனின் பழைய ஷூவை அனுப்பு. பெரிதாக இருந்தால் துணி திணித்துக்கொள்கிறேன். கோச் விசில் ஊதுகிறார், ஓடுகிறேன்.

உன் கடைக்குட்டி

அப்பாவிடம் சொல்லாதே: போட்டிக்குப் பத்துப் பெயர் கட்டாயமாம், ஒன்பதுதான் இருந்தது. துவைத்த துணி வாளியோடு மைதானத்தைக் கடந்த என்னைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டார் கோச். இதுவரை ஒரு ஆட்டத்திலும் நான் பந்தைத் தொட்டதில்லை.