கருவூலத்தின் இரண்டாவது பூட்டு

செல்ல மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் முழுசாக இருக்கிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அப்படியே இருக்க வேண்டும். டிவியில் என்னைப் பார்த்து நீ அழுதாயாமே, அம்மா சொன்னாள். அழ ஒன்றுமில்லை, நடந்ததை நானே சொல்கிறேன்.

தேர்தலில் தோற்ற அதிபர் நாற்காலியை விடமாட்டேன் என்று அடம்பிடித்தாரே, அவர் பக்கம் சிப்பாய்கள் இருந்தார்கள், சம்பளம் கொடுக்கத்தான் வழியில்லை. பணமெல்லாம் கருவூல இரும்பறையில். அதற்கு இரண்டு பூட்டு. கருவூல அதிகாரி ஒரு பெண்மணி, அவரிடமிருந்த சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னொன்றோடு சட்டசபைச் செயலாளர் தலைமறைவு. அதனால் இருபத்தாறு வருடமாக அந்தப் பூட்டுகளைப் பராமரிக்கும் என்னைக் கடையிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேப்டன், "பெரியவரே, அஞ்சு நிமிஷ வேலை, முடிச்சுட்டுக் கிளம்புங்க" என்றான். எனக்கு மூன்று நிமிடமே போதும். ஆனால் முன்பொரு நாள் அந்தக் கருவூல அதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது. ராஜா காலத்தில் ஒரே பூட்டுதானாம், ராஜா சண்டைக்கென்று நினைத்தபோதெல்லாம் அள்ளிக்கொண்டு போனாராம். வரி கட்டியவர்கள் எங்களைக் கேட்காமல் தொடக் கூடாது என்று கூடி மல்லுக்கு நின்று இரண்டாவது பூட்டைப் போட வைத்தார்களாம், அந்தக் கூட்டம்தான் பிறகு சட்டசபை ஆனதாம். "சட்டசபைக் கடிதத்தைக் காட்டுங்க, திறக்கிறேன்" என்றேன். உள்ளே தள்ளிவிடுவோம் என்று மிரட்டினார்கள். அங்கேயே பிடித்து வைத்திருந்த கருவூல அதிகாரி என் பக்கத்தில் வந்து நின்று, "அப்போ என்னையும் சேர்த்துத் தள்ளுங்க" என்றார். தள்ளத்தான் செய்தார்கள், இரண்டு நாள் ஃபைல் அறையில் கிடந்தோம். அவர்களே துளைபோட்டுப் பார்த்ததில் நான்கு டிரில் பிட் உடைந்தது. நான் பார்த்துக்கொண்ட பூட்டு, விடுமா? மூன்றாம் நாள் சம்பளம் வராத சிப்பாய்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்ப, அதிபரும் கிளம்பிவிட்டார். வெளியே வந்த எங்களை டிவிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் பூட்டில் டிரில் போட்ட காயத்தைச் சரிசெய்யக் கருவூலத்துக்குப் போனேன். புது நிதியமைச்சர், நான் ஓட்டுப் போட்ட மனிதர், தோளில் கைபோட்டு நாட்டையே காப்பாற்றினீர்கள் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவசரத்துக்கு ஒரே சாவியில திறக்கிற மாதிரி மாத்திடலாமா?" என்று கேட்டார். "உங்களுக்கும் முடியாதுங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது. நான் இரண்டு பூட்டையும் முன்னைவிட இறுக்கமாகப் பொருத்திவிட்டு வந்தேன்.

உன் வாசல் பூட்டு மக்கர் செய்தால் எண்ணெய் ஊற்றாதே, பென்சில் தூள் போடு. அம்மாவுக்குப் பதினெட்டாம் தேதி கண் ஆபரேஷன், அன்று மறக்காமல் போன் செய். மூன்று பேரும் நோய்நொடியின்றி, யாருக்கும் பயப்படாமல் வாழுங்கள்.

உன் அப்பா