தண்ணீரில் கிடக்கும் கருவாடு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தம்பி அடெலினோ லிஸ்பனில் வந்து இறங்கிவிட்டான். லக்ஸம்பர்கிலிருந்து, பெண்டாட்டி நதீனோடு. பதினொரு வருஷம் கழித்து சொந்த நாட்டுக்கே சுற்றுலா!

"வியாழக்கிழமை மத்தியானம் போர்ட்டோவுக்கு வந்துடுவோம்க்கா. அப்பாகிட்ட சொல்லிடு."

சொன்னேன். அம்மா சாவுக்கு வராதவன் இனி என் வாசலை மிதிக்கக் கூடாது என்று கத்திய மனுஷன், உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடைக்குப் போய்ப் பெரிய கருவாடாக ஒன்று வாங்கி வந்து, பாதியை நறுக்கித் தொட்டியில் ஊறப் போட்டார். இரண்டு நாள் ஊறினால்தான் உப்பு இறங்கும். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவது என் தலையில்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வரவில்லை. சிண்ட்ராவில் அரண்மனை வாசலில் வரிசையில் நிற்கிறார்களாம். "நதீன் ஆசைப்படுறாக்கா. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா."

அப்பா மூன்று மணி வரை நாலு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் தின்றோம்.

ஆகஸ்ட் 8

மீதியிலும் பாதியை நறுக்கி மறுபடி ஊறப் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "எனக்குத் திங்கணும்போல இருக்கு. உனக்கென்ன?"

நான் வேலை பார்க்கும் படகு டிக்கெட் கவுண்டரில் இன்று ஒருவர், பாலத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பாலம் எங்கே என்று கேட்டார். எல்லோர் மேலும் எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிம்பிராவில் பழைய நூலகம் பார்க்கிறார்களாம்! போனில் கத்தியே விட்டேன்.

"ஏண்டா, பொறந்து வளர்ந்த நாட்டுல உனக்கு என்னடா வேடிக்கை? ஊர் ஊரா சுத்தத் தெரியுது, வீட்டுக்கு வழி தெரியலையா?"

அவன் குரல் இறங்கிவிட்டது. "பயமா இருக்குக்கா. அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா நான் எங்க போய் நிப்பேன்?"

ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டு நான் என்ன பண்ணுவது?

ஆகஸ்ட் 12

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "உங்களைப் பார்த்து பயப்படுறான்."

"என்னைப் பார்த்தா?" என்றார். மிச்சக் கருவாடு துணியில் சுற்றியபடி பலகை மாதிரி கிடக்கிறது. இந்த முறை ஊறப் போடவில்லை. சரி, தொலையட்டும். எனக்கும் வெறுத்துப்போச்சு.

ஆகஸ்ட் 14, வியாழன்

மத்தியானம் வாசல் மணி அடித்தது. திறந்தால் அடெலினோ, பின்னால் நதீன். தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. "நாலு மணிக்கு ஏர்போர்ட் போகணும்க்கா. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு—" உட்காரக்கூட இல்லை.

அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டார். தம்பி முகம் செத்துப்போனது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

குழாய் திறக்கும் சத்தம். அப்பா தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் மேஜைமேல் வைத்தார். உள்ளே கல்லாட்டம் அந்த மிச்சக் கருவாடு.

"ரெண்டு நாள் ஆகும்," என்றார்.

நதீனுக்கு எங்கள் பாஷை தெரியாது. என்ன சொல்கிறார் என்று அவனைக் கேட்டாள். அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஆகஸ்ட் 15

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மாற்ற எழுந்தேன். ஏற்கெனவே மாற்றியிருந்தது. அப்பாவின் அறையில் குறட்டை. தொட்டி பக்கத்தில் அடெலினோ, சட்டைக் கை முழங்கை வரை நனைந்து நின்றான்.

"சாயங்காலமும் நானே மாத்துறேன்க்கா," என்றான்.