உன் தோளில் மிஞ்சிய கை

உன் மனைவி கொண்டுவந்து வைத்துப்போன, உன் படம் பதிந்த கண்ணாடித் தகட்டில் உன் வீட்டுச் சாம்பிராணி வாடை இன்னும் இருக்கிறது. உன் முதல் திதிக்குப் பெரிதாக ஒரு படம் போட்டு மாலையிட வேண்டுமாம். சிங்கப்பூரில் எத்தனையோ படக்காரர்கள் இருக்க, என்னிடம் வந்திருக்கிறாய். செத்த பிறகாவது உனக்கு இடம் தெரிந்திருக்கிறது.

செராங்கூன் சாலையில் மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால், கம்பெனிக் கிராணிகளாகக் கணக்கெழுதிக்கொண்டு நாம் குடியிருந்த அறை நினைவிருக்கிறதா? இருவருக்கும் ஒரே காமிரா. ஞாயிறுதோறும் நீ அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவாய்; மழையில் நனைத்துக் கொண்டுவந்து கட்டிலில் எறிவாய். லென்ஸை மல் துணியால் துடைப்பதும், இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் தகடுகளைச் சுண்ணாம்புக் கட்டி போட்ட தகரப்பெட்டியில் அடுக்குவதும் என் வேலை. "டேய், உனக்குப் பொண்ணே வேண்டாம்டா, இந்தப் பெட்டியைக் கட்டிக்கோ" என்பாய்.

தகடுகளைத் திருத்தவும் அந்த அறையில்தான் பழகினோம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் முகத்துக் குழிகளை நீ நிரப்புவாய். வேண்டாததைக் கத்தி நுனியால் சுரண்டி எடுப்பது நான். கத்தி உன் கைக்கு வரவே இல்லை. இரண்டு தகடுகளைக் கீறிப் பாழாக்கிவிட்டு, "முகத்தைச் சரி பண்ணினா போதும், மத்ததை யாரு பாக்கறா?" என்றாய்.

உன் கல்யாணத்தன்று பார்த்தேன். வெள்ளைச் சீலையைத் தொங்கவிட்டு நாம் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் கூடத்தில் மாட்டியிருந்தது. கறுப்புக் கோட்டில் நீ மட்டும் நின்றாய். நான் நின்ற இடத்தில் வெறும் சீலை. தகட்டில் சிவப்பு மை பூசினால் படத்தில் அது வெள்ளையாக விழும். என்னை அப்படித்தான் பூசி மறைத்திருந்தாய். ஆனால் உன் தோளில் கிடந்த என் கை கறுப்புக் கோட்டின் மேல் இருந்தது. அங்கே மை பூசினால் கோட்டில் வெள்ளைத் திட்டு விழும்; கத்தியால் சுரண்டினால்தான் கறுப்போடு கறுப்பாகும். அதற்கு நீ என்னிடம் வந்திருக்க வேண்டும்.

"என்னடா இது?" என்றேன்.

பெண் வீட்டார் கேட்கச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இவன் தகட்டை ஒழுங்கா வைக்கல. இவன் நின்ன பக்கம் பூரா பூஞ்சை. அதான் பூசிட்டேன்."

உன் மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கையாவது மிஞ்சிச்சே, தம்பி" என்றார். கூடமே சிரித்தது. அதன்பின் நான் உன் வாசலை மிதிக்கவில்லை.

நேற்று ஈரப் பஞ்சால் அந்த மையைத் துடைத்தேன். அடியில் நான் நிற்கிறேன், சட்டைப் பொத்தான் வரை தெளிவாக. ஒரு புள்ளிகூடப் பூஞ்சை இல்லை. நீ பொய்யன் என்பது இத்தனை வருடம் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது சாட்சி இருக்கிறது, கேட்க நீ இல்லை.

உன் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணே, அந்தக் கையை மட்டும் எடுத்துடுங்க. உயிரோட இருக்கறவங்க கைமேல மாலை விழக்கூடாது." பிறகு தயங்கி, "வேற படக்காரர்கிட்ட குடுத்து எடுத்துடலாம்னு எத்தனையோ தடவை சொன்னேன். அவரு விடல" என்றாள். அதை அன்பென்று நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்க உனக்கு ஒரு கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காலையில் கத்தியைத் தீட்டினேன். தீட்டியதை அப்படியே உறையில் போட்டேன். உன்னைப் போலவே என்மேல் மையைப் பூசி, படத்தைப் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"பூஞ்சை பிடிச்சுடுச்சும்மா. கையை எடுக்க முடியல."

நம்பினாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, அண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். இனி உனக்கு மாலை போடும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்த்து அவள் பயப்படுவாள். பயப்படட்டும்.

தகட்டை நான் திருப்பித் தரவில்லை. மையை மறுபடி துடைத்துவிட்டு, புதுச் சுண்ணாம்புக் கட்டி போட்டுப் பழைய தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அதற்குள் நாம் இருவரும் ஒன்றாகத்தான் நிற்கிறோம், என் கை உன் தோளில். என்னைப் பூசி மறைக்க இனி உன்னால் முடியாது.